சற்குணம் சார் மொட்டை மாடியில் இறக்கிய விமானம்

சற்குணம் சார் வாயைத் திறந்துவிட்டால் போடியில் நமக்கெல்லாம் நிற்க இடம் இருக்காது. அவர் விடுகிற கதையே ஊரை அடைத்துக்கொள்ளும். ஏலக்காய் கிட்டங்கிக்கு மேல் மாடியில் ‘சற்குணம் குளோபல் இங்கிலீஷ் அகாடமி’ என்று போர்டு தொங்குகிறதே, அதன் சொந்தக்காரர் அவர்தான். குளோபல் என்றால் உலகம் முழுக்க என்று அர்த்தமாம். மாடிப்படியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பி இறங்கித்தான் ஆகவேண்டும். அதுதான் அவருடைய உலகம்.

நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் அவருடைய கோடை முகாம் நோட்டீசை அடித்துக் கொடுப்பது நான்தான். அதனால் அவர் புளுகு ஊருக்குப் போவதற்கு முன்பே மிஷின் சூட்டோடு என் கைக்கு வந்துவிடும். அப்படி எல்லாம் தெரிந்தும் போன வருஷம் என் மகள் தன்ஷிகாவை அந்த முகாமில் சேர்த்துவிட்டேன். இங்கிலீஷ் என்று யாராவது சொன்னால் நமக்கெல்லாம் புத்தி கழன்றுதான் போகிறது.

போன வருஷ முகாமின் பெயர் ‘ஏர்போர்ட்’. ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து அதுதான் விமான நிலையம் என்றார். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் பயணிகள், சார் கேப்டன். உள்ளே எல்லாமே இங்கிலீஷில்தான். பெற்றவர்களை வாசலோடு நிறுத்திவிட்டார். “டிக்கெட் இல்லாதவங்கள ஏர்போர்ட்டுக்குள்ள விடுவாங்களா மேடம்?” என்று கேட்டார். கடைசி நாளில் பிள்ளைகளுக்கு நீலத் தொப்பி மாட்டி போட்டோ எடுத்துக் கொடுத்தார். எப்படிடி இருந்தது என்று தன்ஷியைக் கேட்டதற்கு “நல்லா இருந்துச்சும்மா” என்றாள். பிள்ளைகள் அதற்கு மேல் எதைத்தான் சொல்லியிருக்கின்றன?

இந்த வருஷ முகாம் ஆரம்பிப்பதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் தாகிர் பாய் கறிக்கடைக்குத் தன்ஷியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் ஆட்டோ ஓட்டுகிற சடையாண்டி அண்ணன், அவர் பிடித்திருந்த கையில் மகன் முகிலன். முகிலனும் போன வருஷம் அதே ஏர்போர்ட்டில் பறந்தவன்தான். எங்களுக்கெல்லாம் முன்னால் சற்குணம் சார், கையில் மஞ்சள் பை, சட்டைப் பையில் மூன்று பேனா.

கடை ஓரத்துப் பலகையில் பாயின் மகள் அஃப்ரின் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதம் மூன்றாம் வகுப்புக்குப் போகிறவள். சார் அவள் பக்கம் குனிந்து, “வாட் இஸ் யுவர் குட் நேம், பேபி?” என்றார். ஆடிக்கொண்டிருந்த கால் அப்படியே நின்றது. பிள்ளை உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தது.

“இதான் சார் எங்க பிரச்சினையே,” என்று பாய் கத்தியைக் கட்டை மேல் வைத்தார். “அஃப்ரினுக்கு வீட்ல வாய் ஓயாது. கோழிகிட்டகூடப் பேசும். ஸ்கூல்ல இங்கிலீஷ்லதான் பேசணும்னு சொன்னதுலருந்து அங்க ஒரு சொல் வர மாட்டேங்குது. தண்ணி தாகம் எடுத்தாக்கூட கேக்கிறதில்ல சார். உங்க பிள்ளைக்குப் பேச வருமான்னு மிஸ்ஸு எங்கிட்டயே கேக்கறாங்க. உங்க கேம்ப்ல விட்டா என் பிள்ளை வாயத் தெறக்குமா? அத மட்டும் சொல்லுங்க, நாளைக்கே சேத்துடறேன்.”

ஆகும், ஆகாது என்று ஒரு சொல்லில் முடிகிற கேள்வி. சார் பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு வீட்டில் குழம்பு கொதிக்க மத்தியானம் ஆகிவிடும் என்று.

“மொதல்ல கறிய சொல்லுங்க சார். எவ்ளோ?”

“அரைக்கிலோ, தொடைக்கறியா. எனக்கென்ன அவசரம்? சடையாண்டிக்குப் போடுங்க பாய். வாயத் தெறக்குமாவா கேட்டீங்க?” சார் வரிசைக்கு வெளியே வந்து எங்கள் எல்லாரையும் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டார். “அட்டையில பிளேன் வெட்டி ஒட்டுற சோலியெல்லாம் நம்மகிட்ட கிடையாது. போன வருஷம் மண்டப வாசல்ல ஒரு மிஷின் வச்சேன். மத்த ஏர்போர்ட்ல இரும்பு இருந்தாத்தான் மிஷின் கத்தும். நம்ம மிஷின் தமிழ் இருந்தா கத்தும். ஒரு பய ‘அய்யய்யோ’ங்கிற சொல்ல நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சிட்டு வந்துட்டான். மிஷின் கத்துன கத்துல பின்தெருவுல தூங்கிட்டிருந்த குழந்தை முழிச்சிடுச்சு. அத எடுத்து டிரேயில வச்சிட்டுத்தான் உள்ள போக முடிஞ்சுது.”

“சாயங்காலம் அத திருப்பிக் குடுத்தீங்களா சார்?” என்று சடையாண்டி கேட்டார்.

“டோக்கன் காட்டினா குடுத்துருவோம்.”

“எம் பய இடுப்புல வெள்ளி அரைஞாண் கெடந்துச்சே, அதுக்குக் கத்தலையே?”

“மிஷினுக்கு உலோகமே தெரியாதுங்கறேன். அதுக்கு மொழி மட்டுந்தான் தெரியும்.”

அந்த மிஷினை நானும் பார்த்திருக்கிறேன். முந்தின முகூர்த்தத்துக்குக் கட்டின அலங்கார வளைவில் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி வைத்திருந்தார்கள். காகிதத்துக்கு அடியில் ‘நல்வரவு’ என்ற எழுத்து நன்றாகவே தெரிந்தது. தமிழைக் கண்டால் கத்துகிற மிஷின் தன் தலையில் இருந்ததைப் பார்த்து ஏன் கத்தவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சார் அடுத்ததற்குத் தாவிவிட்டார்.

“ரெண்டே நாள்ல இங்கிலீஷ் அந்த இடத்துல காய்ச்சல் மாதிரி பரவிடுச்சு பாய். மண்டப வாசல்ல ஒரு செவலை நாய் கெடக்குமே, பந்தி எலைக்கு அலையுறது. அதுக்கே தொத்திக்கிச்சு. ‘ச்சூ, போ’ன்னு வெரட்டினா அசையாது. ‘எக்ஸ்கியூஸ் மீ’ன்னாத்தான் எந்திரிச்சு வழி விடும். டிபன் பாக்ஸ மோந்து பாக்கிற டூட்டிய அதுக்குக் குடுத்தேன். உள்ள இட்லின்னா ஒரு கொரைப்பு. சாண்ட்விச்சுன்னா சல்யூட்.”

“நாய் சல்யூட்டா?” என்றேன்.

“முன்னங்காலத் தூக்கி மேடம். இப்படி.” காலைத் தூக்குவதா கையைத் தூக்குவதா என்று ஒரு நொடி தடுமாறிக் கையைத் தூக்கினார்.

எனக்கு அந்த நாயைத் தெரியும். முதல் நாளே தன்ஷியின் ஆம்லெட்டைத் தூக்கிக்கொண்டு போன நாய்தான். எக்ஸ்கியூஸ் மீ கேட்டதாக அவள் சொல்லவில்லை.

இதற்குள் சடையாண்டிக்குக் கறி வெட்டிக் கொடுத்தாகிவிட்டது. அவர் நகரவில்லை. இனாமாகக் கூத்து நடக்கும்போது யார் நகர்வார்கள்? கொக்கியில் தொங்கின ஆட்டில் பாதி குறைந்திருந்தது. “சார், உங்களுக்குப் போடட்டா?” என்றார் பாய். “அந்த மேடத்துக்குப் போடுங்க, பாவம் பிள்ளையோட நிக்கிறாங்க” என்று கையை ஆட்டிவிட்டு சார் தொடர்ந்தார்.

அப்போதுதான் கவனித்தேன், என் மகளும் முகிலனும் கையால் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். தன்ஷி இரண்டு கன்னத்தையும் பூரி மாதிரி உப்பி, காற்றை மெள்ள மெள்ள விட்டாள். முகிலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். போன மே மாதத்திலிருந்து இதுகள் இரண்டும் இப்படித்தான், தெருவுக்கு அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்று நின்று சைகையிலேயே மணிக்கணக்காகப் பேசும். ஏதோ விளையாட்டு என்று விட்டுவிட்டேன். பலகையில் இருந்த அஃப்ரினும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மைக்ல அனவுன்ஸ்மென்ட்!” என்று சார் குரலை உயர்த்தினார். “இந்தா நிக்கிறாளே தன்ஷிகா, இவதான். மைக்கப் பிடிச்சா ஏர்போர்ட்ல பேசுற பொம்பளையே தோத்துப்போகும். அந்தக் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போச்சு. குமுளி பஸ்ல ஏறி உக்காந்திருந்த சனமெல்லாம் பெட்டி படுக்கையோட எறங்கி நம்ம மண்டபத்து வாசல்ல வரிசையா நின்னுச்சு. ஏன்டா பஸ் காலியாயிடுச்சுன்னு கேக்க வந்த கண்டக்டரும் வரிசையில நின்னுட்டாரு. ஒரு பெரியவர் பலாப்பழத்தோட வந்து சன்னல் சீட்டுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு.”

“நான் அந்த ஸ்டாண்டுலதான சார் ஆட்டோ போட்டிருந்தேன்? எனக்குத் தெரியாமயா?” என்றார் சடையாண்டி.

“உங்க ஆட்டோதான்யா வாசல்ல மொதல்ல நின்னுச்சு! ஏர்போர்ட் டாக்ஸி, ஏர்போர்ட் டாக்ஸின்னு கத்தினது யாரு? மறந்துட்டீங்க.”

சடையாண்டி தலையைச் சொறிந்தார். பாவம், ஒருவேளை மறந்துதான் போனோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அளந்து விடுவதிலும் இப்படி ஒரு நெஞ்சழுத்தம் இருந்தால் எதிரே நிற்கிறவன் தன் ஞாபகத்தைத்தான் குறை சொல்வான்.

நம்புகிற முகம் ஒன்று அகப்பட்டதும் சாருக்கு றெக்கை முளைத்துவிட்டது. “மறுநாள் என்னாச்சு தெரியுமா? போடிமெட்டு மலை மேல ஒரே மேகம். கொழும்புலருந்து எங்கயோ போற பிளேன் ஒண்ணு, நெசமான பிளேன் பாய், இருநூறு பேரோட வழி தெரியாம சுத்துது. அவங்க வயர்லெஸ்ல நம்ம மைக் சத்தம் விழுந்திருக்கு. ‘கம் டவுன், மெதுவா, மெதுவா’ன்னு நம்ம புள்ள சொல்லுது...”

“மெதுவாங்கிறது தமிழ்ல சார்,” என்றார் சடையாண்டி. “மிஷின் கத்தியிருக்கணுமே.”

“ஸ்லோலி, ஸ்லோலின்னுதான்யா சொல்லுச்சு! உங்களுக்கு வெளங்கணுமேன்னு நான் தமிழ்ல சொல்றேன். பிளேன் அப்படியே எறங்கி வந்து மண்டபத்து மொட்டை மாடியில ஒக்காந்துச்சு. மாடியில அப்பளம் காயப்போட்டிருந்தாங்க. ஒரு அப்பளம் ஒடையல.”

“அப்பளம் என்ன அப்பளம் சார்?” என்றேன். “உளுந்தா, அரிசியா?”

“உளுந்து,” என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

“பைலட்டு எறங்கி வந்தாரு. கோட்டு, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஏதோ இங்கிலீஷ்ல கேட்டாரு. நம்ம ஒண்ணாங்கிளாஸ் பய இடுப்புல கைய வச்சு, ‘நோ. ராங். ரிப்பீட்’ங்கிறான்! மூணு தடவ திருப்பிச் சொல்லியும் அந்தாளுக்கு வரல. கண்ணு கலங்கிப்போச்சு. சார், இத்தன வருஷம் தப்புத்தப்பாப் பேசிக்கிட்டு நான் ஆகாசத்துல பறந்திருக்கேனேன்னு என் கையப் பிடிச்சு அழுவுறாரு. சரி, உக்காருங்கன்னு பாப்பாக்களோட பாப்பாவா உக்கார வச்சேன். மேடம், உங்க வீட்ல குரூப் போட்டோ இருக்கும்ல? பின் வரிசையில ஒசரமா தொப்பி போட்டு நிக்கிறாரே, அவருதான்.”

போட்டோவில் பின்னால் நிற்பது மண்டபத்து வாட்ச்மேன். தொப்பிக்கு மேலே துண்டும் கட்டியிருப்பார். அதையும் சொன்னேன். “பனி ஒத்துக்கல அவருக்கு, அதான் துண்டு” என்றார் சார். மே மாதப் பனி!

“அந்த பிளேன எப்படி சார் திரும்ப ஏத்தினீங்க? மாடியில ஓடி ஏற எடமில்லையே,” என்று சடையாண்டி மடக்கப் பார்த்தார்.

“பிள்ளைங்க அத்தனையும் ஒரே மூச்சுல ‘பை பை’ன்னுச்சுங்க. அந்தக் காத்துலயே ஏறிடுச்சு.”

வரிசையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. கத்தியை ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தார். விமானத்தை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. மொட்டை மாடியில் விமானம் இறங்குகிற ஊரில் தன் மகள் தண்ணீர் கேட்டுவிட மாட்டாளா என்று நினைத்திருப்பார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு போய் எரிச்சல் வந்தது. பாய் என் கறியை வெட்டி முடித்துக் கையில் கொடுத்துவிட்டு, “சார், கழுத்துக்கறிதான் மிச்சம், போட்டுறவா?” என்றார். “அட இருங்க பாய், உச்சக்கட்டமே இனிமேதான். பின்னாடி நிக்கிறவங்களுக்குப் போடுங்க.”

உச்சக்கட்டத்துக்கு சார் குரலைத் தாழ்த்தினார். “லண்டன்லருந்து போன் வந்துச்சு. ‘சற்குணம், எங்க பிள்ளைங்க இங்கிலீஷ் நாளுக்கு நாள் மோசமாப் போகுது. வீட்லயே சரியாப் பேசறதில்ல. நீங்க வந்து ஒரு கேம்ப் போட்டுக் குடுக்கணும்’னாங்க. பங்களா, காரு, சமையலுக்கு ஆளு எல்லாம் தர்றாங்களாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்க ஊர்ல தாகிர் பாய்னு ஒரு நல்ல மனுசன் இருக்காரு. அவரு மக அஃப்ரின் பேசாம இருக்கு. அந்தப் புள்ளைய பேச வைக்காம நான் போடிய விட்டு ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்னு போன வச்சுட்டேன்.”

சற்று முன்புதான் அந்தப் பிள்ளையின் பெயரைக் குனிந்து கேட்டவர் இவர். பாய் பேச்சில் அது விழுந்தது, பொறுக்கி எடுத்து லண்டனுக்கு அனுப்பிவிட்டார். ஆனால் பாயின் கண் நனைந்துவிட்டது. தோள் துண்டால் துடைத்துக்கொண்டார். இப்படிப் புளுகுகிற மனுஷனுக்குச் சோறு தொண்டையில் எப்படித்தான் இறங்குகிறதோ என்று எனக்குக் கோபமாக வந்தது.

பாய் மனசு இளகிவிட்டது என்று தெரிந்ததும் சார் முடித்துவைக்கப் பார்த்தார். “எல்லாத்தையும் விடுங்க பாய். கேம்ப் முடியுற வரைக்கும் அந்த மண்டபத்துக்குள்ள ஒரே ஒரு தமிழ்ச் சொல்கூட கேட்டதில்ல. இதுக்கு மேடமே சாட்சி. தெனமும் சாயங்காலம் வாசல்ல வந்து நிப்பாங்க. கேட்டுச்சா மேடம்? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க.”

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அது உண்மை. சாயங்காலம் வாசலில் நிற்கும்போது உள்ளே இருந்து ஒரு தமிழ்ச் சொல்கூடக் கேட்டதில்லை. “கேக்கலதான்,” என்றேன். சார் கையை விரித்து ஊரையே பார்த்தார், இப்போது என்ன சொல்கிறீர்கள் என்பது போல.

பாய் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “தமிழ் கேக்கல. சரி தங்கச்சி. இங்கிலீஷ் கேட்டுச்சா?”

யோசித்துப் பார்த்தேன். மண்டபத்திலிருந்து எனக்குக் கேட்டது மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அத்தனை பிள்ளைகள் உள்ளே இருந்தும் அப்படி ஓர் அமைதி. எவ்வளவு ஒழுக்கமாக வைத்திருக்கிறார் என்று அப்போது நான் மெச்சிக்கொண்டது வேறு நினைவுக்கு வந்தது. “தன்ஷி,” என்றேன், “உள்ள நீங்கல்லாம் என்னடி பேசுவீங்க?”

“பேச மாட்டோம்மா,” என்றாள் தன்ஷி. “தமிழ்ல பேசினா ஆஃப்லோடு, பிளேன்லருந்து எறக்கி விட்டுருவாங்க. பந்திப் பாத்திரம் அடுக்கி வச்சிருக்கிற ரூம்ல தனியா உக்கார வச்சிருவாங்க, எலி ஓடும். இங்கிலீஷ் யாருக்கும் தெரியாது. அதனால யாரும் பேசல.”

“நீ மைக்ல பேசினியாமே?”

“மைக்கே இல்லம்மா.”

“சார் சொல்லித் தர மாட்டாரா?” என்று பாய் கேட்டார்.

“காலையில வந்து ‘குட் மார்னிங் பேசஞ்சர்ஸ்’னு சொல்லுவாரு. அப்புறம் காக்பிட்டுக்குப் போயிருவாரு.”

“காக்பிட்டு எங்க இருந்துச்சு?”

முகிலன் முந்திக்கொண்டான். “மாப்பிள்ளை ரூம்தான் காக்பிட்டு. அதுல ஏசி இருக்கும்ல. கதவுகிட்ட போனா உர்ர்ர்னு பிளேன் சத்தம் கேக்கும். சாருக்கு வாய் தெறந்திருக்கும், கண்ணு மூடியிருக்கும்.”

வரிசை வெடித்துச் சிரித்தது. சடையாண்டி சிரிக்கவில்லை, மகன் தலையில் கையை வைத்தபடி நின்றார். “அப்ப உள்ள என்னடா பண்ணீங்க இத்தன பேரும்?”

“கையில பேசிக்குவோம்ப்பா. பசிச்சா இப்படி. பாத்ரூம்ல தண்ணி இல்லைன்னா இப்படி.” முகிலன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து உதறிக் காட்டினான். பலகையில் உட்கார்ந்திருந்த அஃப்ரின் கையை மடியில் வைத்துத் தானும் ஒருதரம் அப்படிச் செய்து பார்த்தாள். “எல்லாத்துக்கும் இருக்கு. சாருக்கும் பேரு வச்சிருக்கோம்.”

தன்ஷி கன்னம் இரண்டையும் உப்பினாள். காற்றைப் புஸ்ஸென்று மெள்ள விட்டாள். யாரும் விளக்கம் கேட்கவில்லை.

வேறொருவராக இருந்தால் பையை உதறிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பார். சற்குணம் சார் அந்த ரகம் இல்லை. முகம் ஒரு கணம் வெளிறியது, அடுத்த கணம் பூரித்துவிட்டது. “பாத்தீங்களா பாய்! நானே சொல்லக் கூடாதுன்னு இருந்தேன், பிள்ளைங்களே சொல்லிடுச்சுங்க! ரன்வேயில நின்னு பிளேனுக்கு வழி காட்டுறவன் வாயத் தெறக்கிறானா? கையக் காட்டித்தான நிறுத்துறான்? அது இங்கிலீஷுக்கும் மேல, அட்வான்ஸ் கோர்ஸு. உலகத்துல எந்த நாட்டுக்குப் போனாலும் செல்லும். அத சேத்துச் சொல்லிக் குடுத்துட்டு அதுக்குன்னு தனியா பீஸ்கூட வாங்கல நான்!”

பாய் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருக்கிற பிள்ளையைக் கொண்டுபோய், பேசாமல் இருக்கப் பழக்குகிற இடத்தில் விட இருந்தோமே என்று அவர் முகத்தில் தெரிந்தது.

சார் அக்குளிலிருந்து பையை எடுத்து உதறி நீட்டினார். “அப்புறம் என்ன பாய், பாப்பா பேர எழுதிக்கட்டுமா? அந்த அரைக்கிலோவையும் போட்டுருங்க, நேரமாச்சு.”

பாய்க்குப் பின்னால் இருந்த கொக்கியில் ஒன்றும் இல்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் கழுத்துக்கறி வரைக்கும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பாய் கட்டையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். பிறகு சாரை நேராகப் பார்த்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து உதறினார்.

“என்ன பாய்? என்ன சொல்றீங்க?” என்றார் சார்.

பலகையிலிருந்து அஃப்ரின் இறங்கி நின்றாள். தெரு முனை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

“ரெண்டும் இல்லைன்னு அத்தா சொல்றாங்க சார்.”